ஸப்ர் என்பது சோர்ந்திருப்பதன்று
மக்கா வாழ்வின் இறுதி ஆண்டுகள் தரும் பாடம்

 

மையித் வீட்டிலும், பரீட்சையில் தவறிய பிள்ளையிடமும், தொழிலை இழந்து நிற்கும் குடும்பத்தலைவனிடமும் நாம் அடிக்கடி கூறும் ஒரு வார்த்தை உண்டு. "ஸப்ர் செய்யுங்கள்" என்பதே அது. அதைத் தொடர்ந்து, "அல்லாஹ்வின் மீது தவக்குல் வையுங்கள்" என்றும் கூறுவோம். இரண்டும் மேலான வார்த்தைகள். ஆயினும் இவற்றைச் சொல்பவரும் கேட்பவரும் இவற்றின் கருத்தைச் சரியாக விளங்கியிருக்கிறார்களா என்பது சிந்திக்க வேண்டிய விடயமாகும். ஸப்ர் என்றால் வாய்மூடிக் கிடப்பது என்றும், தவக்குல் என்றால் முயற்சியைக் கைவிட்டு அற்புதத்தை எதிர்பார்த்திருப்பது என்றும் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அரபு மொழியில் ஸப்ர் என்பதன் மூலக் கருத்து தடுத்து நிறுத்துதல், இறுகப் பிடித்துக்கொள்ளுதல் என்பதாகும். துன்பம் நம்மை நிலைதடுமாறச் செய்யும் வேளையில், நாவை முறைப்பாட்டிலிருந்தும், உள்ளத்தை அவநம்பிக்கையிலிருந்தும், உறுப்புகளைத் தகாத செயலிலிருந்தும் தடுத்து, செய்ய வேண்டிய கடமையில் நிலைநிறுத்துவதே ஸப்ர். தவக்குல் என்பதோ, ஒரு காரியத்தைத் தகுதியான பொறுப்பாளரிடம் ஒப்படைப்பதாகும். வகீல் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே. வழக்கை வகீலிடம் ஒப்படைப்பவர் தம்மிடமுள்ள ஆவணங்களையும் சாட்சிகளையும் கொண்டுவந்து கொடுக்காமல் வீட்டில் உறங்குவதில்லை அல்லவா?

இவ்விரு பண்புகளும் ஒரு மனித வாழ்வில் எவ்வாறு ஒன்றிணைந்திருந்தன என்பதை அறிய, நமது உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்களின் மக்கா வாழ்க்கையின் இறுதி ஆறு ஆண்டுகளைச் சற்று நோக்குவோம்.

பள்ளத்தாக்கில் மூன்று ஆண்டுகள்

நபித்துவத்தின் 7ஆம் ஆண்டு. கி.பி. 616 அல்லது 617 எனக் கணக்கிடப்படும் காலம். அதற்கு முன்னர் ஹம்ஸா (ரழி), உமர் (ரழி) போன்ற வீரர்கள் இஸ்லாத்தில் இணைந்திருந்தனர். அபீஸீனியாவுக்குச் சென்ற முஸ்லிம்களைத் திருப்பிக் கொண்டுவரக் குறைஷிகள் எடுத்த முயற்சியும் தோல்வி கண்டிருந்தது. இதனால் ஆத்திரமுற்ற குறைஷித் தலைவர்கள் ஓர் ஒப்பந்தத்தை எழுதிக் கஃபாவினுள் தொங்கவிட்டனர். ஹாஷிம், முத்தலிப் ஆகிய இரு குடும்பத்தாருடனும் எவரும் திருமண உறவு வைக்கக் கூடாது, கொடுக்கல் வாங்கல் செய்யக் கூடாது என்பதே அதன் சாரம். நபியவர்களைத் தங்களிடம் ஒப்படைக்கும் வரை இத்தடை நீடிக்கும் என்றனர்.

அவ்விரு குடும்பத்தாரும் அபூதாலிபின் பள்ளத்தாக்கில் ஒதுங்கினர். அபூலஹபைத் தவிர, இஸ்லாத்தை ஏற்காத உறவினரும் அவர்களுடன் சென்றனர் என்பது கவனத்திற்குரியது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இத்துன்பம் நீடித்தது. இலைகளையும் காய்ந்த தோலையும் உண்ண நேர்ந்ததாகவும், பசியால் துடித்த குழந்தைகளின் அழுகுரல் பள்ளத்தாக்குக்கு வெளியே கேட்டதாகவும் ஸீரா ஆசிரியர்கள் பதிவுசெய்துள்ளனர்.

இந்த நிலையிலும் நபியவர்கள் தமது பணியை நிறுத்தினார்களா? இல்லை. போர் விலக்கப்பட்ட புனித மாதங்களில் பள்ளத்தாக்கிலிருந்து வெளியே வந்து, மக்காவுக்கு வந்த மக்களிடம் சத்தியத்தை எடுத்துரைத்தார்கள். வருடத்தில் சில மாதங்களே வாசல் திறந்தது. அந்தச் சில மாதங்களையும் அவர்கள் வீணாக்கவில்லை.

உதவி வந்த திசையும் ஆச்சரியமானது. ஹிஷாம் இப்னு அம்ர் என்பவர் அப்போது முஸ்லிம் அல்லர். அவர் இரவு வேளையில் ஓர் ஒட்டகத்தில் உணவுப் பொருட்களை ஏற்றிவந்து, பள்ளத்தாக்கின் வாயிலில் அதன் கடிவாளத்தை அவிழ்த்து, விலாவில் ஓர் அடி அடித்து உள்ளே ஓட்டிவிடுவார். அதே ஹிஷாம்தான் பின்னர் ஸுஹைர் இப்னு அபீ உமையா, முத்இம் இப்னு அதீ, அபுல் பக்தரீ, ஸம்ஆ ஆகிய நால்வரையும் ஒவ்வொருவராகச் சந்தித்து, இந்த அநீதியை முடிவுக்குக் கொண்டுவர இணங்கவைத்தார். அவர்கள் கஃபாவின் அருகே எழுந்து நின்று ஒப்பந்தத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். முத்இம் அதைக் கிழிப்பதற்காகச் சென்றபோது, அல்லாஹ்வின் பெயர் எழுதப்பட்டிருந்த பகுதியைத் தவிர ஏனையவற்றைக் கரையான் அரித்துவிட்டிருந்தது.

கண்ணியத்துக்குரியவர்களே! அல்லாஹ் நாடியிருந்தால் முதல் நாளிலேயே அந்தக் கரையானை அனுப்பியிருக்கலாம். ஆனால் மூன்று ஆண்டுகள் கடந்தன. சோதனை நீள்வதால் அல்லாஹ் கைவிட்டுவிட்டான் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அவனுக்கு மிகவும் விருப்பமான தூதருக்கே அது நீண்டது.

துயரத்தின் ஆண்டு

பள்ளத்தாக்கிலிருந்து வெளியேறிய மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. நபித்துவத்தின் 10ஆம் ஆண்டில், கி.பி. 619 அளவில், தம்மைப் பாதுகாத்து வந்த பெரிய தந்தை அபூதாலிப் மரணமானார். அதே ஆண்டில் அன்னை கதீஜா (ரழி) அவர்களும் இவ்வுலகைப் பிரிந்தார்கள். சுமார் 25 ஆண்டுகள் இன்பத்திலும் துன்பத்திலும் துணைநின்று, முதல் வஹீ வந்த இரவில் நடுங்கி வந்த கணவரைத் தேற்றிய அந்தத் தாயின் பிரிவு எத்தகையதாக இருந்திருக்கும்! வெளியே கேடயமாக இருந்தவரும் இல்லை. வீட்டில் ஆறுதலாக இருந்தவரும் இல்லை. இதனால் இவ்வாண்டு துயரத்தின் ஆண்டு என்று வரலாற்றில் பெயர்பெற்றது.

இங்கு ஓர் உண்மையை மனதிற் கொள்ள வேண்டும். கவலைப்படுவது ஸப்ருக்கு முரணானதன்று. யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த கவலையால் கண்பார்வை மங்கும் வரை அழுதார்கள். ஆனால் தமது முறைப்பாட்டை அல்லாஹ்விடம் மட்டுமே வைத்தார்கள். நமது நபியவர்களும் தம் மகன் இப்ராஹீம் மரணித்தபோது கண்ணீர் வடித்தார்கள். எனவே அழுகின்ற மனிதரைப் பார்த்து, "உமக்கு ஈமான் இல்லையா?" என்று கேட்பது நபிவழியன்று.

துயரத்தோடு வீட்டில் அமர்ந்துவிடாமல், அண்ணலார் ஸைத் இப்னு ஹாரிஸா (ரழி) அவர்களை அழைத்துக்கொண்டு, சுமார் 60 மைல் தொலைவிலுள்ள தாயிஃப் நகருக்குச் சென்றார்கள். மக்காவின் கதவு மூடியதனால் மற்றொரு கதவைத் தட்டினார்கள். ஆனால் ஸகீஃப் கோத்திரத் தலைவர்களான மூன்று சகோதரர்களும் ஏளனமாகப் பேசி மறுத்தனர். அத்தோடு நிற்காது, ஊரிலுள்ள கீழ்மக்களையும் சிறுவர்களையும் ஏவிக் கல்லெறியச் செய்தனர். நபியவர்களின் பாதங்களிலிருந்து இரத்தம் வழிந்தது. அவர்களை மறைத்து நின்ற ஸைத் (ரழி) அவர்களின் தலையும் காயமுற்றது.

ஒரு திராட்சைத் தோட்டத்தின் நிழலில் ஒதுங்கிய நபியவர்கள் தமது பலவீனத்தையும் மக்கள் தம்மை இழிவாகக் கருதுவதையும் அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். இறைவனுக்குத் தம்மீது கோபம் இல்லையெனில் இத்துன்பங்கள் எதையும் தாம் பொருட்படுத்தப் போவதில்லை என்ற கருத்தில் அவர்களது துஆ அமைந்திருந்ததாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. அங்கு பணிபுரிந்த அத்தாஸ் என்ற கிறிஸ்தவ அடிமை ஒரு குலை திராட்சையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நகரமே கல்லெறிந்த நாளில், ஓர் அடிமையின் கை பழத்தை நீட்டியது.

திரும்பி வரும் வழியில் மலைகளுக்குப் பொறுப்பான மலக்கு தோன்றி, கட்டளையிட்டால் அம்மக்கள் மீது மலைகளைக் கவிழ்ப்பதாகக் கூறியபோது, நபியவர்கள் அதனை விரும்பவில்லை. அவர்களின் சந்ததியிலிருந்து அல்லாஹ்வை மட்டும் வணங்குவோர் தோன்றுவார்கள் என்று தாம் ஆதரவு வைப்பதாகக் கூறினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. அந்த ஆதரவு வீண்போகவில்லை. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் தாயிஃப் நகரத் தூதுக்குழு மதீனாவுக்கு வந்து இஸ்லாத்தை ஏற்றது.

மக்காவுக்குள் மீண்டும் நுழைவதற்கு ஒருவரின் பாதுகாப்பு தேவைப்பட்டது. நபியவர்கள் பலரிடம் ஆளனுப்பிக் கேட்டார்கள். முத்இம் இப்னு அதீ சம்மதித்து, தம் பிள்ளைகளை ஆயுதத்துடன் நிறுத்திப் பாதுகாப்பளித்தார். அவர் முஸ்லிமாகவில்லை. எனினும் பல ஆண்டுகளுக்குப் பின், பத்ர் போரின் கைதிகள் விடயத்தில், முத்இம் உயிரோடிருந்து கேட்டிருந்தால் அவருக்காக அவர்களை விட்டிருப்பேன் என்ற கருத்தில் நபியவர்கள் அவரை நினைவுகூர்ந்தார்கள். அல்லாஹ்வின் உதவி மாற்று மதத்தவரின் கையினாலும் வரும். அதைப் பெறுவது தவக்குலுக்குக் குறையன்று. நன்றியோடு நினைவுகூர்வதே நபிவழி.

தட்டிக்கொண்டே இருந்த கதவுகள்

அதன்பின் ஹஜ் காலங்களில் நபியவர்கள் ஒவ்வொரு கோத்திரத்தின் கூடாரமாகச் சென்றார்கள். அபூலஹப் பின்தொடர்ந்து வந்து, இவரை நம்பாதீர்கள் என்று தடுத்துக்கொண்டிருந்தான். கிந்தா, கல்ப், பனூ ஹனீஃபா ஆகிய கோத்திரத்தார் மறுத்தனர். பனூ ஆமிர் கோத்திரத்தாரோ, உமக்குப் பின் ஆட்சி எங்களுக்குக் கிடைக்குமா எனப் பேரம் பேசினர். அதிகாரம் அல்லாஹ்வுக்குரியது, நாடியோருக்கு அவன் அளிப்பான் என நபியவர்கள் பதிலளித்ததும் அவர்களும் விலகிக்கொண்டனர். கடும் நெருக்கடியிலும் கொள்கையை விற்று உதவி தேடவில்லை என்பது இங்கு உற்றுநோக்கத் தக்கது.

பெரும் கோத்திரங்கள் மறுத்த பின்னர், கி.பி. 620 அளவில், அகபா என்ற இடத்தில் யத்ரிபைச் சேர்ந்த ஆறு பேர் செவிமடுத்தனர். மறு ஆண்டு 12 பேர் வந்தனர். அவர்களுக்குக் கற்பிப்பதற்காக முஸ்அப் இப்னு உமைர் (ரழி) என்ற இளைஞர் அனுப்பப்பட்டார். 622ஆம் ஆண்டில் 73 ஆண்களும் 2 பெண்களும் வந்து உறுதிமொழி அளித்தனர். தாயிஃபில் சிந்திய இரத்தத்துக்கும் இந்த உறுதிமொழிக்கும் இடையே மூன்று ஆண்டுகள். நபியவர்கள் தாயிஃபுடன் ஓய்ந்திருந்தால் அந்த ஆறு பேரை யார் சந்தித்திருப்பார்?

ஹிஜ்ரத்: முயற்சியும் தவக்குலும்

தவக்குலின் முழு வடிவத்தை ஹிஜ்ரத்தில் காண்கிறோம். கொலைச் சதி தீட்டப்பட்டுவிட்டது. நபியவர்களோ அல்லாஹ்வின் தூதர்; பாதுகாப்பு அவன் பொறுப்பு. ஆயினும் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அபூபக்ர் (ரழி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதங்களாக இலை தழை கொடுத்துப் பயணத்துக்கெனத் தயார்செய்திருந்தார்கள். அவற்றில் ஒன்றை நபியவர்கள் விலை கொடுத்தே பெற்றார்கள். அலி (ரழி) அவர்கள் நபியவர்களின் படுக்கையில் உறங்கினார்கள். மக்கள் ஒப்படைத்திருந்த அமானிதங்களைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பும் அவர்களுக்கே வழங்கப்பட்டது. மதீனா வடக்கே இருக்க, தெற்கே உள்ள ஸவ்ர் மலைக் குகைக்குச் சென்று மூன்று இரவுகள் தங்கினார்கள். அபூபக்ரின் மகன் அப்துல்லாஹ் பகலில் மக்காவில் செய்தி திரட்டி இரவில் கொண்டுவந்தார். ஆமிர் இப்னு ஃபுஹைரா ஆடுகளை அப்பக்கம் மேய்த்துப் பாலும் கொடுத்து, கால்தடங்களையும் அழித்தார். அஸ்மா (ரழி) அவர்கள் தமது இடைக்கச்சையைக் கிழித்து உணவுப் பையைக் கட்டினார்கள். வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போதும் குறைஷிகளின் மதத்திலேயே இருந்தவர். பாதை அறிந்தவர், நம்பிக்கைக்குரியவர் என்ற இரண்டையும் நபியவர்கள் கவனித்தார்கள்.

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பின்னரும் எதிரிகள் குகையின் வாயிலை வந்தடைந்தனர். அவர்களில் ஒருவர் தமது பாதங்களைக் குனிந்து நோக்கினால் நம்மைக் கண்டுவிடுவாரே என அபூபக்ர் (ரழி) அவர்கள் அஞ்சினார்கள். அப்போது செய்வதற்கு மனித முயற்சி எதுவும் எஞ்சியிருக்கவில்லை. அந்த இடத்தில்தான் நபியவர்கள், கவலை வேண்டாம், அல்லாஹ் நம்மோடு இருக்கிறான் என்ற கருத்தில் தோழரைத் தேற்றினார்கள். அல்குர்ஆனின் 9ஆவது அத்தியாயம் 40ஆவது வசனம் இந்நிகழ்வைப் பேசுகிறது. ஏற்பாடுகளைச் செய்து முடித்த உள்ளத்திலிருந்து அந்த வார்த்தை வந்தது. ஏற்பாடு எதுவும் செய்யாதவர் அதே வார்த்தையைச் சொல்வது தவக்குலாகாது. ஏற்பாடுகளை மட்டுமே நம்பியவரோ அந்த வேளையில் நடுங்கிப்போயிருப்பார்.

யமன் தேசத்தார் சிலர் வழியுணவு எதுவுமின்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, நாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்று கூறிக்கொண்டு, மக்காவுக்கு வந்ததும் மக்களிடம் கையேந்தினர். கட்டுச்சாதம் எடுத்துச் செல்லுமாறு கூறும் வசனம் அவர்கள் விடயத்திலேயே இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபியவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் உள்ளது.

ஹிஜ்ரத்தின்போது வீட்டில் நடந்த ஒரு சம்பவமும் நம் பிள்ளைகள் அறிய வேண்டியது. அபூபக்ர் (ரழி) தம்மிடமிருந்த பணம் முழுவதையும் பயணத்துக்காக எடுத்துச் சென்றுவிட்டார்கள். பார்வையிழந்த பாட்டனார் அபூகுஹாஃபா வந்து, உங்களை வெறுங்கையோடு விட்டுச் சென்றுவிட்டானோ என்று கவலைப்பட்டார். அஸ்மா (ரழி) பணம் வைக்கும் மாடத்தில் கற்களை வைத்துத் துணியால் மூடி, முதியவரின் கையை அதன்மீது வைத்துத் தடவச் செய்தார்கள். அவர் மனம் அமைதியடைந்தது. தானே நெருக்கடியில் இருந்தும், வீட்டு முதியவரின் மனதைத் தாங்கிப் பிடித்த அந்த இளம்பெண்ணின் ஸப்ர் எவ்வளவு உயர்ந்தது!

நமது காலமும் நமது சோதனைகளும்

நமது நாட்டு முஸ்லிம்களும் கடும் சோதனைகளைக் கண்டவர்களே. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள், சுமார் 75,000 பேர், விடுதலைப் புலிகளால் தம் பூர்வீக மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள் மட்டுமே. புத்தளத்திலும் ஏனைய இடங்களிலும் கிடுகுக் குடிசைகளில் வாழ்வை மீண்டும் தொடங்கிய அம்மக்கள், அங்கேயும் தொழுகையை நிலைநாட்டினர். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பினர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கிழக்கிலும் தெற்கிலும் நமது ஊர்களைச் சிதைத்தபோதும், ஜனாஸாக்களை அடக்கிய அதே கைகளே பின்னர் வீடுகளுக்கு அத்திவாரம் வெட்டின. ஸப்ர் என்பதற்கு இவையே நம் கண்முன் உள்ள சான்றுகள்.

வாலிபச் சகோதர சகோதரிகளே! உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு ஒரு கதவு மூடியதை மட்டுமே காட்டுகிறது. தாயிஃபின் கதவு மூடிய பின்னர்தான் அகபாவின் கதவு திறந்தது. துஆச் செய்யுங்கள், அத்தோடு அடுத்த கதவு எதுவென்று விசாரியுங்கள், அறிந்தவரிடம் ஆலோசனை கேளுங்கள், ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். நோயுற்றால் மருத்துவம் செய்யுமாறு போதித்தவர்கள் நமது நபியவர்கள். உள்ளத்தின் நோயும் நோய்தான். அதற்காக வைத்தியரை நாடுவது ஈமானின் குறைபாடன்று.

பெற்றோர்களே! பிள்ளை தன் துயரத்தைச் சொல்ல வாயெடுக்கும்போதே "ஸப்ர் செய்" என்று கூறி அதன் வாயை அடைத்துவிடாதீர்கள். முதலில் முழுமையாகக் கேளுங்கள். அதேபோல், கணவனின் கொடுமைக்கு உள்ளாகும் மகளிடம் ஸப்ரின் பெயரால் அடியைத் தாங்கிக்கொள்ளுமாறு கூறுவது, அந்த உயர்ந்த வார்த்தைக்கு நாம் செய்யும் அநீதியாகும். மக்காவில் தோழர்கள் வதைக்கப்பட்டபோது, அநீதி இழைக்காத மன்னர் ஆளும் நாடென்று அபீஸீனியாவுக்குச் செல்லுமாறு வழிகாட்டியவர்கள் நபி (ஸல்) அவர்கள். கி.பி. 615இல் நிகழ்ந்த அந்தப் பயணமும் ஸப்ரின் ஒரு பகுதியே. கொடுமையிலிருந்து வெளியேறும் வழியைத் தேடிக் கொடுப்பது பெற்றோரின் கடமை, ஜமாஅத்தின் கடமை.

வசதியுள்ள சகோதரர்களே! கஷ்டத்திலிருப்பவரிடம் ஸப்ரைப் பற்றி உபதேசிக்கும் முன், ஹிஷாமின் ஒட்டகத்தை நினைவிற் கொள்ளுங்கள். இரவோடிரவாக, பெயர் வெளியே தெரியாமல், ஒரு மூட்டை அரிசி அந்த வீட்டு வாசலைச் சென்றடையட்டும். உபதேசத்தை அதன் பின்னர் செய்யலாம்.

சோதனை எப்போது விலகும் என்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. இன்றைய நாளில் நம்மால் செய்ய முடிந்த நற்செயல் எது என்பதை நாம் அறிவோம். அதைச் செய்வோம், முடிவை அவனிடம் ஒப்படைப்போம்.

யா அல்லாஹ்! துன்பத்தில் உழலும் எமது சகோதரர்களின் துன்பத்தை இலேசாக்குவாயாக. எமது வாலிபர்களின் உள்ளங்களில் நம்பிக்கையை நிலைபெறச் செய்வாயாக. எமது வீடுகளை ஒருவர் துயரை மற்றவர் செவிமடுக்கும் வீடுகளாக ஆக்குவாயாக. முயற்சியில் உறுதியையும், உன் தீர்ப்பில் திருப்தியையும் எமக்குத் தந்தருள்வாயாக. ஆமீன்.